பக்கத்துக் களத்து வத்தல்

முனீஸ்வரன் களத்தில் காயும் மிளகாய் வத்தல் தன் களத்து வத்தலைவிடச் சிவப்பாக இருப்பதைத் தவசி திங்கட்கிழமை காலையில் பார்த்தார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தன் களத்திலிருந்து ஒரு குண்டு வத்தலை எடுத்துக்கொண்டார். வரப்பைத் தாண்டிப் போய் அவன் களத்திலிருந்தும் ஒன்றை எடுத்தார். இரண்டையும் உள்ளங்கையில் போட்டு வெயிலில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரே மூட்டையில் பங்கு பிரித்த விதை. ஒரே கண்மாய்த் தண்ணீர். நடுவில் ஒரு வரப்புதான். தன்னுடையதும் சிவப்புத்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வெறும் சிவப்பு. அவனுடையது எண்ணெய் தொட்டுத் துடைத்தாற்போல் மின்னியது.

"என்னண்ணே, சோசியம் பாக்குறீகளா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முனீஸ்வரன் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றான். தவசியின் பங்காளி, சித்தப்பன் மகன். அறுபதைத் தாண்டியும் வாயில் பல் முழுசாக இருந்தது. தவசிக்கு அதுவும் உறுத்தல்தான்.

"மருந்து என்னத்தடா அடிச்ச?"

"நீங்க அடிச்சதுதான். ஒரே கடையில, ஒண்ணாத்தான வாங்குனோம்."

"பொய் சொல்லாத."

"சரிண்ணே. ராத்திரி காளியாத்தா வந்து ஒவ்வொண்ணா சாயம் பூசிட்டுப் போகுது. வழி தெரியாம வரப்போட நின்னுருது. நாளைக்கு வந்தா ஒங்க களத்தையும் காட்டி விடுறேன்."

களத்துக் கூலிக்கு வந்த பொம்பளைகள் சிரித்தார்கள். தவசியின் மனைவி பாண்டியம்மாளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் தவசிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன எதற்கும் அவள் பல் தெரியச் சிரித்ததாக ஞாபகமில்லை. அவர் சிரிக்கும்படி எதையும் சொன்னாரா என்பது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை காற்று செத்துவிட்டது. பங்குனிக் கடைசி. வழக்கமாக உப்பூர்ப் பக்கமிருந்து காலை ஏறும்போதே கடல்காற்று வந்து களத்தைத் தடவிக்கொண்டு போகும். அன்று வரவில்லை. சீமைக்கருவேலத்தின் ஓர் இலைகூட அசையவில்லை. வேர்வை வழிந்ததே தவிர உலரவில்லை. வீட்டு அடுக்களையில் உப்பு ஜாடிக்கு அடியில் நீர் கட்டியிருந்தது. நன்றாகக் காய்ந்த வத்தலைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். செவ்வாய்க்கிழமை ஆட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை, செருப்புத் தோல் மாதிரி வளைந்தது. இந்தப் புழுக்கத்துக்குப் பின்னால் மழை இருக்கிறது என்று தவசிக்குத் தெரியும். நனைந்த வத்தல் வெளுத்துப் போகும். வெளுத்ததை மங்கலம் சந்தையில் காலால்கூடத் தொடமாட்டார்கள். வருஷம் முழுக்கச் சாப்பிடப் போகும் சோறு அங்கே வெட்டவெளியில் கிடந்தது.

புதன்கிழமை தவசி சாக்கு வாங்க மங்கலம் போயிருந்த நேரத்தில் ஒரு தூற்றல் விழுந்தது. பத்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தால் அவர் வத்தல் குவிக்கப்பட்டு, தார்ப்பாய் போர்த்தி, ஓரமெல்லாம் மண் அணைத்துக் கிடந்தது. களத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேகத்தை முதலில் பார்த்தவன் மூட வேண்டும். யார் வத்தல் என்று கேட்கக் கூடாது. கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்கு யாரும் நன்றி சொல்வதுமில்லை. தவசி நேராகக் குவியலுக்குப் போனார். தார்ப்பாயை விலக்கி, முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார்.

"என்னத்தத் தேடுறீக?" என்றாள் பாண்டியம்மாள்.

"கொறஞ்சாப்புல இருக்கு."

"ஆமா, கொறையாம இருக்குமா? அந்த வத்தல வித்துத்தான் கொழுந்தனாரு மாடி கட்டப் போறாரு. மனுசன் தன்னதப் போட்டுட்டு மொதல்ல ஒங்களத மூடுனாரு. அவரு களத்துல ஒரு ஓரம் நனைஞ்சே போச்சு. ஊரே பாத்துச்சு."

ஊரே பார்த்ததுதான் தவசிக்குப் பொறுக்கவில்லை. தன்னதை முதலில் மூடியிருந்தால் அவனும் மனுஷன் என்று விட்டிருப்பார். இவன் ஏன் இதை முதலில் மூட வேண்டும்? டீக்கடைக்கு முனீஸ்வரன் வந்தால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார்கள். தவசி வந்தாலும் நகர்ந்துதான் இடம் விடுகிறார்கள். அந்த நகர்தல் வேறு, இந்த நகர்தல் வேறு. தவசிக்கு எழுத்துத்தான் தெரியாது, இது தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தது பெரிய அடி. வானம் காலையிலேயே கலங்கிய குட்டைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. வரப்போரத்து வேப்ப நிழலில் தவசி துண்டை விரித்துச் சாய்ந்திருந்தார். அந்தப் பக்கம் முனீஸ்வரன் போனைக் கையில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். போனுக்குள்ளிருந்து வந்த குரல் தவசியின் மகன் பூமிநாதனுடையது. குவைத்தில் வண்டி ஓட்டுகிறான்.

"சித்தப்பா, நாளைக்கு நம்ம பக்கம் இடியும் காத்துமா பலமா மழை இருக்குன்னு போட்ருக்கான். வத்தலப் பாத்துக்கங்க. அய்யாட்டயும் சொல்லிருங்க."

"நீயே ஒரு வார்த்தை சொல்லேன்டா மருமவனே, சீ, மகனே. ஒங்கூடப் பேசுனா எனக்கு மொறையே மறந்துருது."

மகன் அங்கே கெக்கலி கொட்டிச் சிரித்தான். "அவுக போன எடுக்க மாட்டாக சித்தப்பா. எடுத்தா வைவாக. ஒங்ககிட்டன்னா ரெண்டு வார்த்தை பேசலாம்."

தவசி கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். நெஞ்சுக்குள் எதுவோ ஒன்று பச்சை மிளகாயைக் கடித்ததுபோல் காந்தியது. பிள்ளையைப் பெற்றது யார்? கண்மாய்க் கரையில் முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்தில் விட்டது யார்? வைகிறாராம். வையாமல் வளர்ந்த பிள்ளை எந்த ஊரில் உருப்பட்டிருக்கிறது? கொஞ்ச நேரத்தில் முனீஸ்வரன் வந்து, "அண்ணே, நாளைக்கு மழையாம்" என்றான். யார் சொன்னார்கள் என்று சொல்லாமல் மறைத்தான். தவசிக்கு அந்த நாசூக்கும் பிடிக்கவில்லை.

"மேகம் ஒங்கிட்ட வந்து கடுதாசி குடுத்துச்சாக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

சனிக்கிழமை காலையில் முனீஸ்வரன் மனைவிக்குக் கண் காட்ட ராமநாதபுரம் கிளம்பினான். போகிற வழியில் தவசி வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான். "மத்தியானம் வந்துருவேண்ணே. மழ வந்தா சாயங்காலந்தான், அதுக்குள்ள ஒரு வெயில் காயட்டும்னு விடியல்லயே விரிச்சுட்டேன். ஒரு பார்வ பாத்துக்கங்க."

"எனக்கு வேற சோலி கெடையாதா?"

"இருக்கும்ணே. அதையும் பாத்துக்கங்க."

ஊரில் அன்று ஒரு காதுகுத்து. முனியய்யா கோயிலடியில் கிடாய் வெட்டிச் சாப்பாடு. பாண்டியம்மாள் போய்விட்டாள். களத்துப் பொம்பளைகளும் போய்விட்டார்கள். தவசி போகவில்லை. அழைப்பு வைக்க வந்தபோது அந்த வீட்டுக்காரன் முதல் வெற்றிலையை முனீஸ்வரனுக்கு வைத்துவிட்டு, பிறகுதான் அவருக்கு வைத்தான். "அவருதான் ஊர்லயே இல்லையே, இன்னைக்குப் போனா நீங்கதான மொதல் ஆளு" என்று பாண்டியம்மாள் சொல்லிப் பார்த்தாள். தவசி கஞ்சித் தூக்குவாளியோடு களத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

உச்சி வெயில் சாய்ந்த பிறகும் முனீஸ்வரன் வரவில்லை. மேற்கே, மங்கலம் பக்கம் அடிவானம் இடித்த கரியாகக் கறுத்தது. கொக்குகள் கூட்டமாகக் கடலைப் பார்த்துப் போயின. அந்தச் செத்த காற்றில் திடீரென்று மண்வாசம் வந்தது. எங்கோ பெய்கிறது. தவசி எழுந்து, பலகையால் தன் வத்தலைத் தள்ளிக் குவித்தார். எழுபது வயசு உடம்பு. ஒற்றை ஆளாகக் குவித்து, தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, நான்கு பக்கமும் மணல் மூட்டைகளை வைத்து முடித்தபோது மூச்சு நாய்போல் இரைத்தது. வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

எதிரே முனீஸ்வரனின் வத்தல் அகலமாக விரிந்து கிடந்தது. மேகத்தின் இருட்டில் அந்தச் சிவப்பு இன்னும் கூடித் தெரிந்தது. அவன் கேட்டானே தவிர நான் சரி என்று சொல்லவில்லையே என்று தவசி நினைத்தார். மேகத்தைப் பார்த்தது யார்? யாரும் பார்க்கவில்லை. வயசானவன், அசந்து தூங்கிவிட்டேன் என்று சொன்னால் எவன் கேட்கப் போகிறான்? நனையட்டும். ஒரு தடவை வெளுக்கட்டும். வெளுத்த வத்தலைச் சந்தைக்குக் கொண்டுபோய் நிற்கும்போது அந்த முழுப் பல் வரிசையையும் பார்க்கலாம். நினைக்கும்போதே நாக்கில் இனித்தது.

ஆனால் நினைப்பு அங்கே நிற்கவில்லை. அடுத்ததற்குப் போனது. நனைந்தால் என்ன ஆகும்? ஊர் திரண்டு வரும். பொம்பளைகள் கூலி வாங்காமல் வந்து ஈர வத்தலை உதறிக் காயப்போடுவார்கள். பாண்டியம்மாள் முதல் ஆளாக நிற்பாள். "அய்யோ, அந்த மனுசனுக்கா?" என்று டீக்கடையில் நாலு நாள் பேச்சு ஓடும். குவைத்திலிருந்து பிள்ளை ராத்திரியும் பகலும் கூப்பிட்டு ஆறுதல் சொல்வான். தவசி மிரண்டுபோனார். சந்தோஷம்தான் அவன் பக்கம் என்றால், பரிதாபமும் முழுசாக அவன் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். இதை விட்டுக்கொடுக்க முடியாது.

"ஒனக்கு அதுவும் வேணுமாக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுந்தார்.

பலகையை எடுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டி ஓடினார். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. தள்ளத் தள்ள வத்தல் வந்துகொண்டே இருந்தது. வெளைச்சலும் கூடத்தான் போலிருக்கு, திருட்டுப் பய. நெடியில் தும்மல் வந்தது, கண் எரிந்து நீர் கொட்டியது. குவியல் அவருடையதைவிட ஒரு சாண் உயரம் கூடுதலாக நின்றது. தார்ப்பாயைப் போர்த்தினார். ஓரத்துக்கு வைக்க மூட்டைகள் பற்றவில்லை. வைதுகொண்டே திரும்பி வந்து, தன் குவியலின் மேற்கு மூலையிலிருந்து இரண்டு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனார். அவற்றை வைத்து நிமிர்வதற்குள் புழுதி சுவராக எழுந்து வந்து மோதியது.

முதலில் காற்று. பிறகு புளியங்கொட்டை கனத்தில் துளிகள். தலைக்குமேல் இடி பிளந்தது. முனீஸ்வரனின் தார்ப்பாய் ஒரு மூலையில் படபடத்து எழும்ப, தவசி அதன்மேல் குப்புற விழுந்தார். கையையும் காலையும் அகட்டிப் படுத்து அமுக்கிக்கொண்டார். அடியில் பகல் வெயிலைக் குடித்த வத்தல் இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு தார்ப்பாய் வழியாக வயிற்றில் ஏறியது. முதுகில் மழை சாட்டையாக விழுந்தது.

தலையைத் திருப்பியபோது தன் களம் தெரிந்தது. மூட்டை இல்லாத மேற்கு மூலையில் தார்ப்பாய் எழுந்தது, அமர்ந்தது, மறுபடி எழுந்து பாய்மரம்போல் உப்பியது. கீழே சிவப்பு தெரிந்தது. அங்கே ஓடினால் இது பறக்கும். இங்கே கிடந்தால் அது பறக்கும். "ஏலே, யாராச்சும் இருக்கீகளாடா!" என்று கத்தினார். இடி அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது.

அப்போது கோயில் பக்கமிருந்து வண்டிப்பாதையில் ஆட்கள் ஓடி வருவது மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள். சிலர் தலையில் சாக்கு, ஒருவர் கையில் பந்தலில் அவிழ்த்த பிளாஸ்டிக் விரிப்பு. எல்லாருக்கும் முன்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாண்டியம்மாள் வந்தாள். இந்த வயசிலும் அவள் அப்படி ஓடுவாள் என்று அவருக்குத் தெரியாது. வண்டிப்பாதை களத்துக்கு முன்னால் வந்து வரப்பில் முட்டி நிற்கும். அங்கிருந்து இடது கைப் பக்கம் முனீஸ்வரன், வலது கைப் பக்கம் தவசி. அவள் வரப்புக்கு வந்துவிட்டாள். வழுக்கி, கையை ஊன்றி, எழுந்தாள். பிடியை விடாமல் தவசி கழுத்தை மட்டும் தூக்கி, கண்ணில் வழிந்த தண்ணீரைச் சிமிட்டிச் சிமிட்டித் தள்ளி, அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்தார்.