அமலினியிடம் கேட்ட கேள்வி

"அங்கை நான் கதைக்கிறன். நீ விரலை வை, கையெழுத்தைப் போடு. அது காணும்," என்றான் அல்பேட், வேண்டிய கடதாசிகளை எடுத்தபின் அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டபடி.

அமலினி தலையாட்டினாள். அவளுடைய பாஸ்போர்ட்டும் வதிவிட அனுமதியும் பழைய அடையாள அட்டையும் இத்தாலியில் பதினொரு வருடமாக அந்த அலுமாரிக்குள்தான். மனைவியின் கடதாசிகளைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிற மனுசன் என்று கோயிலில் எல்லோரும் அவனை மெச்சுவார்கள். போன மாதம் மன்னாரில் அவளுடைய தாய் இறந்தபோது, இனிப் போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டானே தவிர, பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. அடக்கத்தை தான் வேலைசெய்யும் வீட்டுக் குசினியில் நின்று போனில் பார்த்தாள். அழுகை வரவில்லை. பார்த்து முடிந்ததும் தரையைத் துடைத்தாள். அன்று தொடக்கம் எதைத் தொட்டாலும் கையுறையோடு தொடுவதுபோலத்தான் இருந்தது.

பல்லரோச் சந்தைக்குள்ளால் அவன் முன்னே, அவள் பின்னே நடந்து நகரசபை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே புது அடையாள அட்டைக்குப் பதிகிற பெண் கேட்டதற்கெல்லாம் அல்பேட்டே பதில் சொன்னான். பிறந்த இடம், உயரம், விலாசம். கடைசியாக அந்தப் பெண் இன்னொன்று கேட்டாள்: இறந்தபின் உறுப்புகளைத் தானம் செய்யச் சம்மதமா?

"நோ," என்றான் அல்பேட்.

அந்தப் பெண் தட்டச்சை நிறுத்தினாள். இதற்குக் கணவர் பதில் சொல்ல முடியாது, மனைவியே சொல்லவேண்டும், விருப்பமில்லாவிட்டால் சொல்லாமலும் விடலாம் என்றாள்.

"இல்லையெண்டு சொல்லு," என்று அவன் தமிழில் சொன்னான். "வெட்டிக் குடுத்தால் ஆக்கள் என்ன கதைப்பினம்?"

கலியாணத்தன்று தேவாலயத்தில் சுவாமியார் சம்மதமா என்று கேட்டது அமலினிக்கு நினைவு வந்தது. ஓம் என்று சொல்லவேண்டும் என மாமி முதல்நாளே சொல்லிக்கொடுத்திருந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய சம்மதத்தை ஒருவரும் கேட்டதில்லை. இன்று கேட்கிறார்கள். அதுவும் செத்தபிறகு நடக்கப்போவதற்கு.

"ஓம், சம்மதம்," என்று இத்தாலிய மொழியில் சொன்னாள்.

அட்டையை வீட்டுக்கு அனுப்பவா என்று பெண் கேட்டாள். தானே வந்து எடுப்பதாகச் சொன்னாள் அமலினி. அவளுக்குப் பதிலாக வந்து எடுக்க வேறு யாருடைய பெயரையாவது பதியவா என்றதற்கு, ஒருவரும் இல்லை என்றாள். சந்தோசம் ஒன்றும் வரவில்லை.

எட்டாம் நாள் தனியே போய் எடுத்து வந்தாள். அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிநாட்டுப் பயணத்துக்குச் செல்லாது என்று அதில் அச்சடித்திருந்தது.

"இதோடை நீ எங்கையும் போகேலாது," என்று சிரித்தான். "கொண்டா, உள்ளை வைக்கிறன்."

கொண்டா என்றவனின் கையிலேயே அட்டை இருந்தது. அமலினி அதை மெதுவாக உருவி எடுத்தாள்.

"தெரியும். இது என்னைக் கேட்டுத் தந்தது. என்னட்டையே இருக்கட்டும்."

பகேரியா ரயிலுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.