மாசி மகத்துக்கு விட இருந்த கன்று

கன்றைத் தூக்கி நிறுத்திப் பார்த்த அன்று தொழுவத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுப் பெரியவர் பாஷ்யம் ஐயங்கார், அவர் மருமகள் காமு, மாடு பார்க்கும் எல்லப்பன், செங்கல்பட்டிலிருந்து வரவழைத்திருந்த மாட்டு டாக்டர் உலகநாதன். வேறு யாரும் இல்லை. தாங்களும் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னவர்கள் பலர்.

எல்லப்பன் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினான். முன்னங்கால்கள் வில்லாய் வளைந்தன. கையை எடுத்ததும் கன்று மணலில் சரிந்தது.

பாஷ்யம் குனிந்து அந்தக் கால்களைத் தடவிப் பார்த்தார். மாமல்லபுரத்தில் மாசி மகத்தன்று பெருமாள் கடலுக்கு எழுந்தருளும்போது, ஊனமில்லாத கன்று ஒன்றைக் கோயிலுக்கு விடுவது அவர் குடும்பத்து வழக்கம். தகப்பனார் விட்டார், பாட்டனார் விட்டார். வரப்போகும் மகத்துக்கு இந்த ஒன்றுதான் இருந்தது.

"என்ன கொடுக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"கஞ்சி," என்றாள் காமு. "வெல்லம் போட்டா கழிச்சல் கண்டது. சர்க்கரையோ ரேஷன். எங்காத்துக்காரர் வேலை பார்க்கற சோடா கம்பெனியிலேர்ந்து சாக்கரின் கொண்டுவந்தார். அதைக் கரைச்சா சட்டியையே நக்கிடும்."

"பால்?"

காமு மாமனாரைப் பார்த்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு பசு செத்தபின் கறப்பது இந்தக் கன்றின் தாய் ஒன்றுதான். பெருமாள் திருமஞ்சனத்துக்கு அந்த வீட்டுப் பால்தான் போகவேண்டும். அளவு குறைந்தால் நாலு பேர் முன்னால் கேட்பார்கள். கன்றை மடியிலிருந்து பிரிக்கச் சொன்னவர் பாஷ்யமேதான். காலிச் சட்டியைப் பார்த்து, வயிறு நிறைந்துவிட்டது என்று அவர் திருப்திப்பட்டதும் உண்டு.

"புது மாப்ள கணக்கா தித்திப்பாத்தான் துன்னுகினு இருந்துச்சி," என்றான் எல்லப்பன். "காலு மட்டும் இன்னா சாமி இப்டி கீது?"

"வாயை மூடுடா," என்றார் பாஷ்யம்.

"சாக்கரின் எலும்பைக் கெடுக்குமான்னு எனக்குத் தெரியாது," என்றார் டாக்டர். "கன்னுக்குக் கொடுத்து நான் பார்த்ததில்ல. ஆனா அதுல சத்துன்னு ஒண்ணும் கிடையாது. தித்திப்புக்காக வெறும் கஞ்சியா குடிச்சு வயித்தை ரொப்பிக்கிட்டிருக்கு. இன்னிக்கே தாய்கிட்ட விடுங்க. தேறினாலும் தேறும்."

"கொஞ்ச நாளைக்குப் பால் இல்லேன்னு கோயில்ல சொல்லிடலாம் மாமா," என்றாள் காமு.

"யார் சொல்றது? நீயா? பாஷ்யம் ஆத்துல பால் வத்திடுத்துன்னு பட்டாச்சாரியார் காதுல போடணுமா?"

"ஜீவன் போயிடும் மாமா."

"மானம் போனா?"

பித்தளைச் செம்பை எடுத்து எல்லப்பனிடம் நீட்டினார். அவன் கறந்தான். தாய் கத்தியது. கன்று தலையைத் தூக்கிப் பார்த்தது, எழவில்லை. டாக்டர் பையை மூடிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார். பால் கோயிலுக்குப் போயிற்று. மறுநாளும் போயிற்று.

தை பிறக்குமுன் கன்று செத்தது. எல்லப்பன் சவுக்குத் தோப்பில் குழி வெட்டினான். அந்த ஐம்பத்திரண்டாம் வருஷத்து மகத்துக்குப் பாஷ்யம் கடற்கரைப் பக்கமே போகவில்லை.

பாலைக் காபி ஓட்டலுக்கு விற்றுக் காசாக்கத்தான் கன்றைக் கொன்றார்கள் என்று கோவளம் வரை பேச்சு. அது பொய். அந்த வீட்டுப் பாலில் ஒரு சொட்டும் விலைக்குப் போனதில்லை. அத்தனையும் பெருமாளுக்கே போயிற்று.