அறுத்த கம்பியில் எரிந்த பல்பு

பெய்ரூத்தின் தெற்கு ஓரத்து அகதி முகாமில், தர்ஷீஹா சந்துக்கு நடுப்பகலிலும் வெளிச்சம் வராது. தலைக்கு மேலே மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் பின்னிக்கொண்டு வானத்தை அடைத்திருக்கும். குழாய் ஒழுகும், கம்பி நனையும், மழைக்காலம் வந்தால் யாராவது ஒருவர் சாவார். போன மழைக்குப் போனவன் ரிஹாபின் தம்பி நாயிஃப். கம்பி வேலைக்காரன். ஏணியில் நின்றபடியே போய்ச் சேர்ந்தான்.

அன்றிலிருந்து அந்தச் சந்து முனகுகிறது என்று ஊர் பேசியது. ஊருக்கென்ன, வாய்க்குப் பூட்டா இருக்கிறது? ரிஹாப் நம்பவில்லை. ஆனாலும் தம்பி குடியிருந்த மாடி அறையைக் கடக்கும்போது அவள் நடை தானாக வேகமெடுக்கும். அந்த வாசலின் இரும்புப் பிடியைத் தொட்டால் விரலில் எறும்பு ஊறும்.

அவள் நடத்தியது மருந்தகச் சங்கம். அபூ வதீ தண்ணீர்ச் சங்கம், லமீஸ் பாலர் பள்ளிச் சங்கம். மூன்றும் அகதிகளுக்காகத்தான் உழைத்தன. மூன்றுக்கும் ஒன்றை ஒன்று கண்டால் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் தனி ஜெனரேட்டர், தனி பாட்டரி, தனிக் கம்பி. எந்தக் கம்பி எந்தச் சுவரோடு ஓடுகிறது என்று போட்டவனுக்கே மறந்துபோயிருக்கும். நாயிஃப் செத்த அன்று மற்ற இரண்டு சங்கத்தில் ஒன்று மின்சாரத்தை அணைக்கவில்லை என்பது ரிஹாபின் முடிவு. அதை ஒரு வருஷமாக ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது மேகம் மறுபடி கறுத்தது. மிஞ்சியிருக்கும் ஒரே தம்பி முஃதஸிம், அந்தச் சிக்கலைப் பிரித்துக் கம்பிகளைக் குழாய்க்கு மேலே ஏற்றுகிறேன் என்று கிளம்பியிருந்தான். சொன்னால் கேட்கிற ஜாதியில்லை. வேறு வழியின்றி ரிஹாப் மானத்தை மடித்து வைத்துவிட்டு இருவரையும் காப்பிக்குக் கூப்பிட்டாள்.

அபூ வதீ கோப்பையை முகர்ந்து பார்த்தார். "இதுல விஷம் கிஷம் இல்லையே?"

"ஏலக்காய் விக்கிற விலையில விஷம் வேற வாங்கணுமா? குடிங்க."

லமீஸ் சிரிக்கவில்லை. "ஒரு வருஷமா எங்களைக் கொலைகாரங்கன்னு சொன்ன வாய்தானே இது?"

"சொன்னேன். அதே வாயாலதான் இப்போ கேக்குறேன். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் ஏணியில நிக்கிற வரைக்கும் மூணு பேரும் அணைச்சு வைக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

"அல்லா மேல சத்தியமா அணைச்சிடுறேன்" என்றார் அபூ வதீ. லமீஸும் கடைசியில் தலையசைத்தாள்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அப்படியொரு அமைதியை அந்தச் சந்து கேட்டதே இல்லை. எங்கோ குழாய் சொட்டுவது காதுக்குள் சொட்டுவதுபோல் கேட்டது. முஃதஸிம் ஏணியைச் சாத்தி முதல் படியில் கால் வைத்தான்.

நாயிஃபின் அறை ஜன்னலில் பல்பு எரிந்தது.

"அக்கா..." முஃதஸிமின் குரல் இறங்கிவிட்டது. "அது எரியக் கூடாதுக்கா. அண்ணன் மய்யித்தை எடுத்த அன்னைக்கே அந்தக் கம்பிய நான்தான் அறுத்தேன்."

ஜன்னலுக்கு வெளியே அறுபட்ட இரண்டு முனைகளும் எதையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே மஞ்சள் வெளிச்சம். யாரோ குர்ஆன் ஓத ஆரம்பித்தார்கள்.

அபூ வதீயின் கையில் தஸ்பீஹ் மணி நின்றுபோனது. "நான் ஒண்ணு விட்டு வச்சிருக்கேன்" என்றார், பல்பைப் பார்த்தே. "தண்ணி மோட்டார், பாட்டரியில ஓடுது. அந்தப் பக்கச் சுவரோட போற கம்பி, பையன்மேல படாதுன்னு நெனச்சேன். மத்த ரெண்டு பேரும் அணைச்சா போதும்னு..."

அவர் ஆள் ஒருவன் ஓடி அதை அணைத்தான். பல்பு கொஞ்சம் மங்கியது. அணையவில்லை.

லமீஸ் முகத்தை மூடிக்கொண்டாள். "பிள்ளைங்க சாப்பாட்டு ஃப்ரிட்ஜ். அதுவும் பாட்டரிதான். அந்தப் பக்கச் சுவர்னுதான் நானும் நெனச்சேன்."

அதையும் அணைத்தார்கள். பல்பு இன்னும் மங்கி, நெருப்புக் கங்குபோல் நின்றது. இப்போது எல்லோரும் ரிஹாபைப் பார்த்தார்கள்.

அவளும் ஒன்றை விட்டு வைத்திருந்தாள். இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜ். சர்க்கரை நோயாளிகளின் உயிர். பாட்டரிக்குச் சத்தம் கிடையாது, யாருக்கும் தெரியாது. அந்தக் கம்பியும் வேறு சுவரோடு போகிறது என்றுதான் அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அந்த வார்த்தை எவ்வளவு கேவலமானது என்று தெரிந்தது. அவளே ஓடிப்போய் அணைத்தாள்.

ஜன்னல் இருண்டது.

முஃதஸிம் மேலே ஏறினான். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவினான். பிறகு அசையாமல் நின்றான்.

"என்னடா?"

"நீல டேப் சுத்தின கம்பி. நம்ம மருந்தக ஃப்ரிட்ஜோடது. குழாய்க்கு அடியில தோல் உரிஞ்சு கெடக்கு." அவன் சுவரைத் தொட்டான். "பக்கத்துல கரி. பழைய கரிக்கா. அண்ணன் அன்னைக்கு ஏணி போட்ட இடம்."

அந்த ஃப்ரிட்ஜை நாயிஃப் செத்த அன்றும் யாரும் அணைக்கவில்லை. மருந்தகத்தில் எல்லாவற்றையும் அணைத்தாள், அதை மட்டும் தொடவில்லை. அது மின்சாரம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை, அது மருந்து. அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான். ஊரெல்லாம் உங்களைச் சொன்னேன். நான்தான்."

லமீஸ் திட்டியிருக்கலாம்; அவளுக்கு அந்த உரிமை இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்த மருந்துக்கு ஒரு பெட்டி ஐஸ் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா, ரிஹாப்?"

ரிஹாப் அழுதாள். கேட்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று அழுதாள்.

அபூ வதீ தன் பாட்டரி அறைச் சாவியைக் கழற்றி, இறங்கி வந்த முஃதஸிமின் சட்டைப் பையில் போட்டார். "ஏணியில நிக்கிறவன்கிட்டயே இருக்கட்டும். எங்க சத்தியத்தை எங்களாலேயே நம்ப முடியல." லமீஸும் போட்டாள். ரிஹாப் படியிலிருந்து எழவில்லை. முஃதஸிமே குனிந்து அவள் சாவியை வாங்கிக்கொண்டான்.

முதல் தூறல் விழுந்தது. அவன் பையில் சாவிகள் குலுங்க மேலே ஏறினான். ரிஹாப் தலை தூக்கி அந்த ஜன்னலைப் பார்த்தாள்.

"அணைச்சிட்டேன்டா, நாயிஃப்" என்றாள்.

ஜன்னல் இருட்டாகவே இருந்தது.