சதுர்த்தசி எலிகள்

சுருதியின் எலிகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பன்னிரண்டு வெள்ளெலிகள். எனக்கு ஆறு, பக்கத்து அறையில் அவளுக்கு ஆறு. ஒவ்வொன்றுக்கும் துணிச்சட்டை மாட்டி, கூண்டின் மேலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கவிட்டிருந்தோம். எடையில் பாதிக்கு மேல் ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும். மிச்சம்தான் காலில் இறங்கும். செவ்வாய் கிரகத்தில் நடந்தால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அங்கே போகப்போகிற மனிதனின் எலும்பு எவ்வளவு தேயும் என்று இந்த எலிகளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். என் எலிகளுக்கு ஒழுங்காகத் தேய்ந்தது. அவளுடையவை மட்டும் கல்லாட்டம் இருந்தன.

எக்ஸ்ரேயைப் பார்த்த பேராசிரியர் அப்பாதுரை, "சுருதிக்குக் கைராசிம்மா!" என்றார். பெங்களூர் மாநாட்டுக்கு ஒருவரைத்தான் அனுப்புவார். மூன்று வருடமாக அதற்காக மாடாய் உழைத்தவள் நான். நேற்று வந்தவளுக்குக் கைராசியாம்!

பௌர்ணமிக்கு முந்தின நாள். எப்போதும் பூட்டியிருக்கும் அவள் அறை அன்று சும்மா சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தால், ஆறு எலிகளும் சட்டையில்லாமல் கூண்டுக்குள் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

உள்ளே நின்ற சுருதியின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னிக்கு சதுர்த்தசிக்கா. எங்க ஜைனர் வீடுங்கள்ல அஷ்டமிக்கும் சதுர்த்தசிக்கும் விரதம். இந்த நாள்ல ஒரு உயிரைக் கட்டித் தொங்கவிட எனக்குக் கை வரல. பொழுது சாயற வரைக்கும் இறக்கி விட்டுடுவேன். சார்கிட்ட சொல்லிடாதீங்கக்கா."

"ச்சீ, அழாத. நான் எதுக்கு சொல்லப்போறேன்?" என்றேன்.

நேராகப் பேராசிரியர் அறைக்குத்தான் போனேன். மனசுக்குள் அப்படியொரு குளிர்ச்சி.

"ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான் சார். அஷ்டமி, சதுர்த்தசி, ஒன்னு விடல," என்று விலாவாரியாகப் போட்டுக்கொடுத்தேன்.

அவர் திட்டவில்லை. காலண்டரை எடுத்துப் புரட்டினார். எக்ஸ்ரேயைப் பார்த்தார். எழுந்தே நின்றுவிட்டார்.

"கவிநிலா! மாசத்துல நாலு நாள் கால் ஊனி நடந்தாலே எலும்பு தேயாம நிக்குதுன்னா, சும்மாவா? மறைச்சதுக்கு அவளுக்குத் தனியா டோஸ் இருக்கு. ஆனா இத மறுபடி செஞ்சு பாத்தே ஆவணும். பெங்களூர்ல அவளே பேசட்டும்!"

அடிப்பாவி, நானே என் வாயால் கெட்டேன்.

பெங்களூருக்குக் கிளம்பும்போது சுருதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லலன்னா நான் பயந்துகினே இருந்திருப்பேன்கா. ரொம்ப தேங்க்ஸ்."

இப்போது பன்னிரண்டு எலிகளும் என் பொறுப்பு. அவள் வீட்டுக் காலண்டரை மேஜையில் வைத்துக்கொண்டு, வயிறு எரிய எரிய, அடுத்த சதுர்த்தசிக்கு வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.