கிட்டே இருந்த கை

மீன்வளத் துறையிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, வைத்திக்குப்பத்தில் காலையிலிருந்தே கடல் சீறிக்கொண்டிருந்தது. கருங்கல் கொட்டிய கரையோரம் நின்று ஜெர்லின் ஜீப்புக்காகக் காத்திருந்தாள். மானியத்துக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பித்திருக்கிறார்கள். முதல் முறை, சங்கம் பதிவாகிப் போதிய காலம் ஆகவில்லை என்று திருப்பினார்கள். அடுத்த முறை, தணிக்கைக் கணக்கில் முத்திரை தெளிவாக விழவில்லை என்றார்கள். இப்போதுதான் ஆய்வு வரை வந்திருக்கிறது.

ஜெர்லின் மீனவக் குடும்பம் இல்லை. குப்பத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். கை கிழிந்து அடிக்கடி கட்டுப் போட வரும் கன்னியப்பனிடம், "வலை இழுத்தா இப்படியா அறுக்கும்ணே?" என்று ஒருநாள் கேட்டாள். "வலை இல்லம்மா, ஆளு" என்றார் அவர். குடித்துவிட்டுக் கடலில் இறங்கும் வெளியூர்க்காரர்களை அவரும் இன்னும் நாலைந்து பேரும் நீந்திப் போய் இழுத்து வருகிறார்கள் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் உயிர்மீட்புச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். கன்னியப்பன் தலைவர், ஜெர்லின் செயலாளர். அவர்கள் கேட்டது ஒரு சின்ன மோட்டார் படகும் லைஃப் ஜாக்கெட்டுகளும்தான்.

ஆய்வுக்கு வந்தவர் ஷஹாபுதீன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய, நிதானமாகப் பேசுகிற மனிதர். கரையில் வரிசையாகக் கிடந்த ஃபைபர் படகுகளைப் பார்த்துவிட்டு, "இத்தனை படகு இருக்கே, தனியா எதுக்கு ஒண்ணு?" என்று கேட்டார்.

"இதெல்லாம் மீன் புடிக்கிற படகு சார்" என்றார் கன்னியப்பன். "ஞாயித்துக்கெழம எஞ்சினக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. தள்ளி எறக்கவே ஆறேழு பேரு வேணும். அதுக்குள்ள முங்குனவன் செத்துடுவான். நீந்திப் போனா ஒரு ஆளத்தான் இழுக்க முடியும். ரெண்டு பேரு முங்குனா நான் யாரத் தூக்குறது, சொல்லுங்க."

ஷஹாபுதீன் அதைக் குறித்துக்கொண்டிருக்கும்போதே கரையில் கத்தல் கேட்டது.

தண்ணீருக்குள் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று கிட்டே. இன்னொன்று அலை உடையும் இடத்துக்கு அப்பால். அந்தத் தூரத்திலிருந்து ஒரு கை மட்டும் மேலே எழுந்து விழுந்துகொண்டிருந்தது. கன்னியப்பன் சட்டையைக் கழற்றவில்லை, அப்படியே பாய்ந்தார். கிட்டே இருந்தவன் அவரைப் பார்த்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு கீழே அமுக்கினான். அவனை முகத்தில் இரண்டு குத்து குத்தி மயங்க வைத்துத்தான் முடியைப் பிடித்து இழுத்து வர முடிந்தது. மணலில் அவனைப் போட்டுவிட்டு, இருமக்கூட நிற்காமல் திரும்ப ஓடினார்.

இரண்டாவது ஆளைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. அந்தக் கை இப்போது எங்கேயும் இல்லை. கன்னியப்பன் முங்கி எழுந்தார், மறுபடி முங்கினார். கடைசியில் ஒரு உடம்பை அலைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். இருபது வயதுதான் இருக்கும் அந்தப் பையனுக்கு. ஜெர்லின் மண்டியிட்டு அவன் நெஞ்சை அழுத்தினாள். வாயிலிருந்து நுரையும் மணலும் வந்தன. உள்ளங்கைக்குக் கீழே ஒரு எலும்பு முறிந்தது தெரிந்தும் விடாமல் அழுத்தினாள். பையனின் கண்கள் திறந்தே இருந்தன.

அப்போதுதான் ராமலிங்கம் வந்தான். செத்தவனின் அண்ணன். நண்பர்களோடு படகுகளுக்குப் பின்னால் குடித்துக்கொண்டிருந்தவன். பையனைப் பார்த்தான். பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருந்த இன்னொருவனையும் பார்த்தான்.

"அவன ஏன்டா மொதல்ல தூக்குன?" என்றான் கன்னியப்பனிடம். "என் தம்பி கையக் காட்னானே, பாத்தியா இல்லியா?"

கன்னியப்பனுக்கு மூச்சே திரும்பவில்லை. தொடைமேல் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றபடி தலையை மட்டும் அசைத்தார். பார்த்தேன் என்றா, பேச முடியவில்லை என்றா என்று யாருக்கும் புரியவில்லை. ராமலிங்கம் பார்த்தேன் என்றே எடுத்துக்கொண்டான். கையிலிருந்த பீர் பாட்டிலை அவர் தலையில் இறக்கினான். அவர் முழங்காலில் விழுந்ததும் உடைந்த பாட்டிலால் காதுப்பக்கம் கிழித்தான். ரத்தம் தோளில் கொட்டியது. கன்னியப்பன் பக்கவாட்டில் சாய்ந்து அசையாமல் கிடந்தார். அதுவும் போதவில்லை அவனுக்கு. கரையிலிருந்து ஒரு கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான்.

படகில் சாய்த்திருந்த துடுப்பை எப்போது எடுத்தாள் என்று ஜெர்லினுக்குத் தெரியாது. கல் மேலே போனது தெரியும். துடுப்பைப் பக்கவாட்டில் வீசியதும், அவன் தோளுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தமும் தெரியும். கல் கன்னியப்பன் தலைக்கு ஒரு சாண் தள்ளி மணலில் விழுந்தது. ராமலிங்கம் தரையில் உருண்டு அலறினான். அவன் எழுந்துவிடுவானோ என்ற பயத்தில் அவள் இன்னொரு அடியும் அடித்தாள்.

அதற்குள் குப்பம் திரண்டுவிட்டது. ரத்தத்தில் கிடந்த கன்னியப்பனைப் பார்த்ததும் யாருக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ராமலிங்கத்தின் நண்பர்களைக் கட்டையால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள். ஒருவன் பல் உதிர்ந்து ஜீப்பை நோக்கி ஓடினான். அவன்மேல் எறிந்த கல் ஜீப் கண்ணாடியை உடைத்தது. உள்ளே ஓடி ஏறியிருந்த ஷஹாபுதீன் ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்துக் குனிந்திருந்தார். செத்த பையன் மட்டும் இந்தக் கலவரத்துக்கு நடுவே தனியாகக் கிடந்தான். யாரோ ஓடும்போது அவன் கையை மிதித்துவிட்டுப் போனார்கள்.

போலீஸ் வந்துதான் அடங்கியது.

கன்னியப்பனுக்கு மண்டையில் விரிசல். இடது காது கேட்காது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதே மருத்துவமனையின் வேறொரு வார்டில் கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்த ராமலிங்கம், தன்னை அடித்தது "அந்த நீச்சக்காரன்" என்று வாக்குமூலம் கொடுத்திருந்தான். பின்பக்கத்திலிருந்து விழுந்த அடி. யார் என்று அவன் பார்க்கவில்லை; தம்பியை விட்டவன் என்ற ஆத்திரத்தில் அவரையே சொன்னான். ராமலிங்கம்மேல் ஒரு வழக்கு, அதற்கு எதிர் வழக்கில் முதல் குற்றவாளியாகக் கன்னியப்பன் பெயரை எழுதினார்கள்.

சில நாள் கழித்து ஷஹாபுதீன் மருந்துக்கடைக்கு வந்தார். சர்க்கரை மாத்திரை வாங்கினார். கடையில் வேறு யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நிர்வாகிங்க மேல கிரிமினல் கேஸ் இருந்தா ஃபைல் நகராதும்மா. அது விதி. தலைவரை மாத்தித் தீர்மானம் போட்டுக் குடுத்துடுங்க. நான் பரிந்துரை பண்ணிட்டேன். இந்த வருஷமே படகு வந்துடும்."

"அவரு அடிக்கல சார். நீங்க பாத்தீங்க."

"பாத்தேன்." அவர் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "என் ரிப்போர்ட்ல தகராறு நடந்துச்சுன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன். உங்க பேரு சுத்தமா இருக்கு. அதைக் கெடுத்துக்காதீங்க."

அன்று மாலையே அவள் மருத்துவமனைக்குப் போனாள். கன்னியப்பன் தலை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"எம் பேர எடுத்துடு ஜெர்லின். கேஸ நான் பாத்துக்கறேன். உள்ள போனாலும் ரெண்டு மாசமோ மூணு மாசமோ. நம்மளுக்குப் படகு வந்துடும்ல?"

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி செல்வாம்பாள் எழுந்து நின்றாள்.

"ஆளாளுக்கு இவரு பேரையே சொல்லுங்க. அடி வாங்குனதும் இவரு, அடிச்சதும் இவரு. நாளைக்கு எம் பொண்ண கட்டிக்க வர்றவன் கேட்டா, அப்பன் ஜெயில்ல இருக்கான், ஆனா படகு வந்துச்சுன்னு சொல்றதா?"

"சும்மா இரு" என்றார் கன்னியப்பன்.

"நீ சும்மா இரு. ஒரு காதுதான் போச்சு, இன்னொண்ணுல கேட்டுக்க."

ஜெர்லினால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து ஆட்டோ ஏறினாள். நேராகக் காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னாள்.

சப்-இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "நீங்களா? அவன் கை மூணு எடத்துல ஒடஞ்சிருக்கும்மா."

"ரெண்டு தடவ அடிச்சேன் சார். மொத அடி அண்ணனக் காப்பாத்த. ரெண்டாவது பயத்துல."

"அந்த ரெண்டாவத விட்டுட்டுச் சொல்லுங்க. உங்களுக்கு நல்லது."

"நடந்தத எழுதுங்க சார்."

எழுதினார்கள். அன்றே கைது, அடுத்த நாள் ஜாமீன். அந்த ஒரு ராத்திரி பெண்கள் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அந்த எலும்புச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. பையனின் நெஞ்சில் முறிந்ததா, அண்ணனின் கையில் முறிந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மருந்துக்கடை முதலாளி போன் செய்து, கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றார். செயலாளர்மேல் கிரிமினல் வழக்கு இருக்கிறது என்று துறையிலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது.

கன்னியப்பன் நடக்க ஆரம்பித்ததும் செய்த முதல் காரியம், அவள் வீட்டுக்கு வந்து முன்னறையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எட்டி உதைத்ததுதான். அது சுவரில் மோதிக் கால் உடைந்தது. அந்த உதையில் அவரே தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்ன யாரு போய் சொல்லச் சொன்னா? பெரிய ஞாயஸ்தியா நீ? நான் இனிமே தண்ணில எறங்க முடியாது, தல சுத்துது. எனக்குப் பதிலா அந்தப் படகாவது இருக்கும்னு நெனச்சேன். அதையும் கெடுத்துட்ட."

"உங்க பொண்ண நெனச்சுப் பாத்தீங்களாண்ணே?"

"எம் பொண்ண நான் பாத்துக்குவேன். அடுத்த ஞாயித்துக்கெழம எவன் பொணமா வரப்போறான்னு நீ பாரு."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவர் அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. அவர் சொன்னது நடக்கவும் செய்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தக் கரையில் இரண்டு உடல்கள் ஒதுங்கின. ஒவ்வொரு முறையும் செய்தி கேட்டபோது, தான் காவல் நிலையத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் என்று ஜெர்லின் நினைத்துப் பார்த்தாள்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த நாளில் ராமலிங்கத்தை மறுபடி பார்த்தாள். பாதி ஆளாகியிருந்தான். கை தோளுக்கு மேல் எழும்பவில்லை என்று அவன் நடந்துவந்த விதத்திலேயே தெரிந்தது. அன்றுதான் ஷஹாபுதீன் சாட்சிக் கூண்டில் ஏறினார். கல்லைத் தூக்கியது யார், துடுப்பை வீசியது யார், எதையும் மறைக்காமல் சொன்னார். ஜெர்லின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

வெளியே வராந்தாவில் ராமலிங்கம் அவளிடம் வந்தான். அவள் வக்கீல் குறுக்கே வந்ததும், "ஒண்ணு கேக்கணும், அவ்ளோதான்" என்றான்.

"கேளுங்க."

"அன்னிக்கு அவரு... என் தம்பி கையப் பாத்தாரா?"

ஜெர்லின் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பாத்தாரு. ரெண்டு பேரையும் பாத்தாரு. கிட்ட இருந்தவனத் தூக்குனாரு. ஒரு ஆளால ஒருத்தனத்தான் தூக்க முடியும்."

"தள்ளிப் போயிருந்தவன் என் தம்பி."

"ஆமா."

"தண்ணிக்குப் போகாதன்னு அவன்கிட்ட நான் சொல்லல. நான்தான் போகச் சொன்னேன். போய் ஆட்டம் போடுடான்னேன்."

சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பினான். நெற்றியைச் சுவரில் இடித்தான். முதலில் மெதுவாக, அப்புறம் ஓங்கி. சுண்ணாம்பு உதிர்ந்தது, ரத்தம் வந்தது. போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதினார். யாரும் கிட்டே போகவில்லை. ஜெர்லின் போனாள். அவனைப் பிடித்து இழுக்கும் பலம் அவளுக்கு இல்லை. தன் இடது கையைச் சுவருக்கும் அவன் நெற்றிக்கும் நடுவே விட்டாள். அடுத்த இடி அவள் விரல்கள்மேல் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அவள் கத்திய பிறகுதான் அவனுக்கு உணர்வு வந்தது. நசுங்கிய விரல்களைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். தம்பி செத்ததற்கு அன்றுதான் முதன்முதலாக அழுகிறான் என்று அவனோடு வந்திருந்த உறவுக்காரர் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கத்து வழக்கும் ராஜியில் முடிந்தன. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் செல்வாம்பாளைத் தலைவராகவும், குப்பத்தில் மீன் விற்கும் சின்னப்பாப்பாவைச் செயலாளராகவும் போட்டு மறுபடி விண்ணப்பித்தார்கள். எழுதியது ஜெர்லின்தான், பெயர் மட்டும் போடவில்லை. ஷஹாபுதீன் ஓய்வு பெற்றிருந்தார். வேறொருவர் ஆய்வுக்கு வந்து, கரையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனார். மழைக்கு முன்னால் ஒரு நாள் லாரியில் படகு வந்து இறங்கியது. ஆரஞ்சு நிறம். சுற்றி வந்து பார்த்தால் எஞ்சின் இல்லை. இந்தத் திட்டத்தில் படகுக்கு மட்டும்தான் மானியம், எஞ்சினுக்கு வேறு தலைப்பில் கேட்க வேண்டும் என்று லாரியோடு வந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டே சொன்னார்.

அன்று சாயங்காலம் ஜெர்லின் கடையில் இருந்தாள். முதலாளி அவளை மறுபடி சேர்த்துக்கொண்டு சில மாதம் ஆகியிருந்தது. கன்னியப்பன் உள்ளே வந்தார். தலை சுற்றலுக்கு மாத்திரைச் சீட்டை நீட்டினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் காசு கொடுத்துவிட்டு, கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பி நின்றார்.

"எஞ்சினுக்குத் தனியா எழுதணுமாமே."

"ஆமாண்ணே."

"எப்ப எழுதற?"