நீலவாசல் சபையின் மினிட்ஸ் நோட்டு

1

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் இருந்த இடமும்:

உரிமையாளர் ஆறுமுகசாமி, மேசையின் தலைமாட்டில், ஏசிக்கு நேர் கீழே. புரொடக்‌ஷன் மேனேஜர் சரவணக்குமார், அவருக்கு வலப்பக்கம், போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு. தொழிலாளர் பிரதிநிதி, செக்கிங் பிரிவு செல்லாத்தாள், இடப்பக்கம், நாற்காலி நுனியில். மெயின்டனன்ஸ் ஃபிட்டர் தனபால், கதவோரம், நின்றபடி. உட்காரச் சொன்னார்கள், பேண்டெல்லாம் கிரீஸ் என்று உட்காரவில்லை. நடவடிக்கைகளை எழுதிய சித்ராதேவி, பிரிண்டருக்குப் பக்கத்தில்.

இந்தக் கதையை எழுதுகிறவளும் அந்தச் சித்ராதேவிதான். ஒன்பது வருஷமாக ஒரு பனியன் கம்பெனியில் கடிதமும் மினிட்ஸும் எழுதுகிறவளுக்கு, யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்லாமல் எதையும் தொடங்க வராது. வேறு தொடக்கங்களையும் முயன்று பார்த்தாள். ஒன்று இது: “விண்வெளியின் எல்லையில்லா இருளில், நீலவாசல் என்னும்—” (அடித்துவிட்டாள். இருளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.)

உண்மையைச் சொல்லிவிடுவோம். இது ஒரு கேமுக்காக எழுத ஆரம்பித்த கதை. இப்போது என்னவாக ஆகியிருக்கிறது என்று எழுதுகிறவளுக்கே பிடிபடவில்லை.

2

பெருமாநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவள் கோமளா. இப்போது கோயமுத்தூரில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் இருக்கிறாள். செல்போனில் விளையாடுகிற விண்வெளிக் கேம். தமிழில் வசனம் வேண்டும். “பரீட்சையில கடுதாசி எழுதறதுக்கு முழு மார்க்கு வாங்குனவ நீ ஒருத்திதான்டி” என்று வேலையை இவள் தலையில் கட்டிவிட்டாள்.

கேமின் கதை இவ்வளவுதான். ஏதோ ஒரு கோளில் நீலவாசல் என்று ஒரு ஊர். அதை நோக்கி வானத்திலிருந்து ஒரு பெரும்பாறை வருகிறது. காவல்கோபுரத்தில் இருக்கும் வீரன் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சபையில் சொல்கிறான். சபைத் தலைவர் அவன் பேச்சைத் தள்ளிவிட வேண்டும்.

“ஏன் தள்ளோணும்?” என்று சித்ராதேவி கேட்டாள்.

“தலைவரு நம்பிட்டா அவரே ஊரைக் காலி பண்ணிப்போடுவாரு. அப்பறம் வெளையாடறவனுக்கு என்னடி வேலை? ஆனா ஒண்ணு. எல்லாக் கேம்லயும் தலைவரு மடையனாவே இருக்கறாரு, ஆடறவனுக சிரிக்கறானுக. ஏன் நம்பலைங்கறதுக்கு ஒரு நல்ல காரணமா எழுதிக்குடு.”

ஒரு வாரம் சித்ராதேவி அந்த மாதிரிக் கேம்களாகப் பார்த்தாள். தளபதிகள், சபைகள், மகாராணிகள். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள். ஆதாரம் போதாது. மக்கள் பீதியடைவார்கள். போன தடவையும் நீ இப்படித்தான் சொன்னாய்.

அவளும் காரணம் தேடினாள். முதலில், தலைவர் எதிரியிடம் விலைபோய்விட்டார் என்று எழுதினாள். சரிப்படவில்லை. விலைபோனவன் எச்சரிக்கையை நம்பாமல் இருப்பதில்லை. அவன்தான் எல்லோரையும்விட நன்றாக நம்புகிறவன். அடுத்து, தலைவர் முட்டாள் என்று எழுதினாள். முட்டாள் ஊரைக் கட்டி இத்தனை பேரை எப்படி வைத்துக் காப்பாற்றினான்? பிறகு தலைக்கனம் என்று வைத்து, “தலைவர் மெல்ல எழுந்து ஜன்னலருகே சென்று, தொலைதூர விண்மீன்களைப் பார்த்தபடி—”

(இங்கே நிறுத்திவிட்டாள். ஆறுமுகசாமி ஒருநாளும் ஜன்னலருகே போய் நின்றதில்லை.)

அவர் நினைவு ஏன் வந்தது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. அக்டோபர் அஞ்சாம் தேதி நடந்த கூட்டத்தின் மினிட்ஸ் மேசையில் கிடந்தது. எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றினாள்.

3

மாற்றுவதற்கு முன் அது இப்படி இருந்தது. மினிட்ஸில் சுருக்கமாக எழுதியதை இங்கே பேசினபடியே தருகிறாள்.

“மேல்மாடில அடுக்கியிருக்கற துணி ரோல எறக்கோணுமுங்க” என்றார் தனபால். “பீமு வாய் பொளந்துட்டே போகுதுங்க.”

“எந்த பீமு?” என்றார் சரவணக்குமார்.

“செக்கிங் டேபிளுக்கு மேல இருக்கறதுங்க.”

“அது பூச்சு வெடிப்புப்பா. பட்டி பாத்துட்டாத் தீந்துபோச்சு.”

“பூச்சா இருந்தா நானே பட்டி பாத்திருப்பனுங்க. சாமளாபுரத்துல தறிச் சத்தத்துக்குள்ளயே பொறந்தவனுங்க நானு. செவுரு தறியால நடுங்குதா, தானா நடுங்குதான்னு கை வெச்சாத் தெரியும்.”

“தம்பி கை வெச்சா மோட்டாரே நின்னுபோகுது. செவுரு நிக்காதாக்கும்” என்றார் செல்லாத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தனபாலும் சிரித்தார்.

ஆறுமுகசாமி சிரிக்கவில்லை. இதைக் கோமளா கவனிக்க வேண்டும் என்று சித்ராதேவி நினைத்தாள். அவர் அக்கறையாகத்தான் கேட்டார்.

“ரோலு எத்தனை இருக்குது தனபாலு?”

“நானூத்திச் சொச்சமுங்க மொதலாளி. ஒண்ணொண்ணும் இருவது, இருவத்தஞ்சு கிலோ. ஆனி மாசக் காத்துல குடோன் தகரம் பறந்தன்னைக்கு மேல ஏத்துனதுங்க.”

“நீ சொல்றது சரிதான். பத்தொம்பதாந்தேதி ஆடிட்டு. பதினெட்டாந்தேதி அத்தனையும் எறக்கிப்போடலாம். எப்படியும் எறக்கித்தான ஆகோணும்? அம்மிணி, எழுதிக்க.”

அம்மிணி எழுதிக்கொண்டாள்.

(ஆடிட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, தொழிற்சாலை பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்பும். தேதி முன்கூட்டியே தெரியும். முந்தின நாள் தீ வழிகளை அடைத்திருக்கும் அட்டைப்பெட்டிகள் நகரும், தீயணைப்பு சிலிண்டர்களில் புதுச் சீட்டுத் தொங்கும், எல்லோர் முகத்திலும் மாஸ்க் ஏறும். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் பெட்டிகள் தங்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.)

சித்ராதேவிக்குக் காரணம் அகப்பட்டது இங்கேதான். ஆறுமுகசாமி தனபாலை நம்பாமல் இல்லை. நம்பினார். ஆபத்துக்கு அவரிடம் ஒரு தேதி இருந்தது. பதினோரு வருஷமாக எல்லா ஆபத்தும் அந்தத் தேதிக்கு முந்தின நாள்தான் வரிசையில் நின்றிருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் ஒன்றும் நடந்ததில்லை. தேதி சொல்லிக்கொண்டு வருகிற விருந்தாளி மாதிரி ஆபத்தையும் அவர் பழகிக்கொண்டார். விண்வெளித் தளபதிகளும் அப்படித்தான் இருக்க வேண்டும். பாறை வருகிறது என்று தெரியும். அதைக் கவனிக்கிற நாள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

நீலவாசல் சபைத் தலைவரை அதே வார்த்தைகளைப் பேசவைத்து, புதன்கிழமை கோமளாவுக்கு அனுப்பினாள். தனபால் வீரன் ஆனார். ரோல் பாறை ஆனது. எழுதினதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

4

மறுநாள் மத்தியானம் கோமளா கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

“நல்லா இருக்குதுடி. ரொம்ப நல்லா இருக்குது. தலைவரைப் பாத்தா எங்க பெரியப்பா மாதிரியே இருக்கறாரு, கோவமே வரமாட்டேங்குது. ஆனா அந்தப் பொம்பளைய எதுக்கு வெச்ச?”

“எந்தப் பொம்பள?”

“பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் எழுதிட்டே இருக்கறாளே, அவதான். வீரன் சொல்றதையும் எழுதறா, தலைவரு தள்றதையும் எழுதறா. மூஞ்சி மாறவே இல்ல. டெஸ்ட் பண்ற பசங்க நாலு பேரு பாத்தானுக. வில்லி அவதானான்னு கேக்கறானுக. படிச்சா பக்குனு இருக்குதுடி.”

சித்ராதேவி அப்படி ஒரு பாத்திரத்தை எழுதவே இல்லை. பெயர்களை மாற்றும்போது, ‘நடவடிக்கைகளை எழுதியவர்’ என்ற வரியை எடுக்க மறந்துபோயிருந்தாள்.

“அவளை எடுத்துடறேன்” என்றாள்.

“ஐயோ, எடுத்துராத. அவளுக்கு ஒரு பேரு வெய்யி.”

5

பேர் வைப்பதற்காகத்தான் ஃபைலைத் திறந்தாள். அந்த எழுத்தர் எத்தனை காலமாகச் சபையில் இருக்கிறாள் என்று ஒரு வரி வேண்டுமே, பழைய மினிட்ஸைப் பார்த்தால் தோன்றும் என்று நினைத்தாள்.

அவள் எழுதுகிற முறையை இங்கே சொல்லியாக வேண்டும். போன மாத மினிட்ஸைத் திறந்து தேதியை மாற்றுவாள். முடிந்ததை எடுப்பாள், புதிதைச் சேர்ப்பாள். தலைப்புகள் மூன்று: புதியவை, நிலுவையில் உள்ளவை, வழக்கமானவை. முதல் மாதம் புதியது, அடுத்த மாதமும் தீராவிட்டால் நிலுவை, அதற்கும் மேல் போனால் வழக்கம். இந்த ஒழுங்குக்காக ஆறுமுகசாமி அவளை நாலு பேர் முன்னால் மெச்சியிருக்கிறார்.

ஜூலை. புதியவை. “மேல்மாடி ரோல் எடையால் பீமில் விரிசல் என ஃபிட்டர் தனபால் தெரிவித்தார். குறித்துக்கொள்ளப்பட்டது.”

ஜூலையா?

தனபால் இந்த மாதம்தான் முதல்முறையாகச் சொன்னார் என்று அவள் நினைத்திருந்தாள். உங்களிடமும் அப்படித்தான் சொல்லவந்தாள். இந்தக் கதையின் முதல் பிரதியில், “ஒருநாள் திடீரென்று தனபால்—” என்று ஒரு வாக்கியம் இருந்தது. அது பொய். தெரியாமல் எழுதிய பொய்.

ஆகஸ்ட். நிலுவை. “பீம் விரிசல் அதிகரிப்பதாகத் தனபால் தெரிவித்தார். குறித்துக்கொள்ளப்பட்டது.”

செப்டம்பர். வழக்கமானவை. மூன்றாவது டீ நேரம். நாலாவது பீம் விரிசல், தனபால் தெரிவித்தார், குறித்துக்கொள்ளப்பட்டது. அஞ்சாவது அடையாள அட்டை.

அந்தப் பக்கத்தின் மேலே வந்திருந்தவர்கள் பட்டியலைப் பார்த்தாள். தனபால் பெயர் இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்காக அந்த வாரம் முழுக்க அவர் லீவு.

திரும்பப் படித்தாள். அறையிலேயே இல்லாத ஆள் எச்சரித்திருக்கிறார். யாரும் கேட்காத எச்சரிக்கை, யாரும் ஒதுக்காமலேயே ஒதுங்கிப்போயிருக்கிறது. ஆறுமுகசாமி செப்டம்பரில் எதையும் தள்ளவில்லை. அவருக்குத் தள்ளுகிற வேலையே வைக்கவில்லை அவள். பீமை டீ நேரத்துக்கும் அடையாள அட்டைக்கும் நடுவில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது சித்ராதேவியின் பத்து விரல்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. எழுத்தர் மேல் குற்றமில்லை, முறை அப்படி என்று சொல்லிற்று. எடுத்துவிட்டாள்.)

6

எழுந்து தையல் ஹாலுக்குப் போனாள். ஒன்பது வருஷத்தில் கூரையை அண்ணாந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

செக்கிங் மேசைக்கு மேலே பீமில் ஒரு கோடு ஓடியது. கோட்டை ஒட்டிப் பென்சிலில் சின்னச் சின்னக் குறுக்குக் கீறல்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. விரிசலின் நுனி அன்றன்றைக்கு எங்கே நின்றது என்று தனபால் போட்டிருந்த அடையாளம். ஜூலை. அரை முழம் தள்ளி ஆகஸ்ட். அப்புறம் செப்டம்பர், கல்யாணம் முடிந்து வந்த மறுநாள். கடைசிக் கீறலில் அஞ்சாம் தேதி. கோடு அதையும் தாண்டி நாலு விரற்கடை போயிருந்தது. அன்றைக்குத் தேதி எட்டு.

நேர் கீழே செல்லாத்தாளும் இன்னும் ஆறு பெண்களும் டீசர்ட்டில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன கண்ணு, பல்லியா?” என்றார் செல்லாத்தாள்.

சித்ராதேவி கையைக் காட்டினாள். செல்லாத்தாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“தேதியெல்லாம் போட்டு வெச்சிருக்கறான்” என்றார். “நான் பாட்டுக்கு அன்னைக்கு அவனைக் கேலி பண்ணிப்போட்டனே.” பிறகு, “மேசைய நகத்தறதுக்கு யாரைக் கேக்கோணும்? அந்தப் பக்கம் புடி.”

ஏழு பெண்களும் சித்ராதேவியும் சேர்ந்து மேசையைச் சுவரோரம் இழுத்துப்போட்டார்கள். டீ நேரம் முடிந்து வந்து பார்த்தால் மேசை பழைய இடத்தில் இருந்தது.

“டியூப்லைட்டு அங்கதானுங்க இருக்குது” என்றார் சரவணக்குமார். “வெளிச்சமில்லாம கறையப் பாக்காம விட்டுட்டா யாரு பதில் சொல்றது? பத்து நாளுதான, பதினெட்டுக்கு எறக்கிரலாம்.” அவர் குரலில் துளி கோபம் இல்லை.

ஆறுமுகசாமியிடமும் போனாள். மூன்று மாத மினிட்ஸையும் எதிரே வைத்தாள். அவர் நிதானமாகப் படித்தார்.

“எல்லாம் கரெக்டா எழுதியிருக்கற அம்மிணி. அப்பறம் என்ன பயம்?”

7

கதைக்கு முடிவு வேண்டும். கோமளா கேட்கிறாள், நீங்களும் கேட்பீர்கள்.

ஒரு முடிவு எழுதினாள். “பதினாலாம் தேதி, டீ பெல் அடித்து எல்லோரும் வெளியே போயிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில்—” நிறுத்திவிட்டாள். எல்லோரையும் வெளியே அனுப்பியது பெல் இல்லை, எழுதுகிறவள். பீமுக்கு டீ நேரம் தெரியாது. அதோடு, தனபால் சொன்னது சரி என்று காட்டுவதற்கு ஒரு கூரை விழ வேண்டுமா? கேம்களில் விழத்தான் வேண்டும். பாறை வந்து மோதியபிறகுதான் வீரனை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். விழாத பீமுக்காக எந்த ஊரிலும் ஃபிட்டருக்கு மாலை போட்டதில்லை.

இன்னொன்றில் பதினெட்டாம் தேதி ரோல்கள் இறங்கின, பத்தொன்பதாம் தேதி அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார், இருபதாம் தேதி ரோல்கள் மேலே ஏறின. ஆறுமுகசாமி இதைச் சுபம் என்று சொல்வார்.

கதையை அப்படியே விட்டுவிட்டுக் கடிதம் எழுதினாள். அது அவளுக்கு வரும். அனுப்புநர்: சித்ராதேவி, மண்ணரை வீட்டு முகவரி. பெறுநர்: தொழிற்சாலை ஆய்வாளர். பொருள் என்ற இடத்தில், நீட்டி முழக்காமல், அறுபத்திரண்டு பேர் வேலை செய்யும் கூடத்தின் மேல் பீம் உடைகிறது என்று எழுதினாள். மினிட்ஸ் நகல் நான்கும் இணைப்பு. செப்டம்பர் பக்கத்தின் கீழே, அன்று தனபால் வரவில்லை என்றும், இந்த வரியை வழக்கமானவை என்ற தலைப்பில் தானே சேர்த்ததாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தனபாலிடம் கேட்டாள், உங்கள் பெயரைப் போடலாமா என்று.

“போடுங்கக்கா. மூணு தடவ சொன்னதுதான, நாலாவதாப் போகட்டும்.” கையைத் துடைத்துக்கொண்டே, “உங்களுக்கு வேலை போயிருமுங்களே?” என்றார்.

“போகும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தபாலாபீஸ். உறையின் மடிப்பில் பசை தடவி, விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அழுத்தினாள். கவுண்டரில் இருந்தவர் எடை போட்டார்.

“உள்ள என்னங்க?”

“காயிதமுங்க. இன்னைக்கே போய்ச் சேராதுங்களா?”

“பக்கத்துலதான், நாளைக்கே போயிரும். ஆனா நாளைக்கு சனிக்கிழமை, ஆபீஸ் லீவுங்க. திங்கக்கிழமைதான் பிரிப்பாங்க.”

கம்பெனிக்குச் சனிக்கிழமை லீவு கிடையாது. காலை எட்டரைக்குச் செல்லாத்தாள் வந்து அந்த மேசையில் உட்காருவார். சித்ராதேவி எட்டு மணிக்கே போய் மேசையின் ஒரு முனையைப் பிடித்திருப்பாள். அதுவரைக்கும் அவளால் எழுத முடிகிறது. மறுமுனையை யார் பிடித்தார்கள், அல்லது யாரும் பிடிக்கவில்லையா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். டீ பெல்லின் உதவி வேண்டாம்.

கவுண்டர்க்காரர் ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். உறையின் மேல் முத்திரையைக் குத்தி, பார்க்காமலே பின்பக்கம் வீசினார். அது பைக்குள் போய் விழுந்தது.