ஒரு நிமிட நம்பர்

2007இல் கொழும்பில் குண்டுக்குப் பயப்படாதவர்கள் இரண்டு வகை. ஒன்று, ஏற்கெனவே செத்தவர்கள். மற்றது, வீட்டிலிருந்தே கூட்டம் நடத்தும் டிரெக்டர்மார். இரண்டாவது வகையை உருவாக்கிய பாவி நான்.

ஏற்றுமதிக் கொம்பனியொன்றில் நான் நெட்வேர்க் எஞ்சினியர். எங்கள் டிரெக்டர் சவுந்தரநாயகம் தெஹிவளை வீட்டில், மேலே டை, கீழே சாரம் என்று இருந்தபடியே லண்டன்காரரோடு முகம் பார்த்துக் கதைக்க வழி செய்து கொடுத்தேன். கள்ளன் புகாமலிருக்க இரண்டு பூட்டு. ஒன்று பாஸ்வேர்ட். மற்றது சாவிக்கொத்தில் தொங்கும் டோக்கன்; அதன் சின்னத் திரையில் நிமிடத்துக்கொரு தடவை ஆறு இலக்க நம்பர் மாறும். அந்த நம்பரைப் போனில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று சட்டம் எழுதியவனும் நானேதான்.

டிரெக்டர் தன் டோக்கனைத் தொலைத்துவிட்டார். மூன்று மணிக்குக் கூட்டம். புதியதைக் கொண்டு பஸ்ஸில் போன என்னை வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பொக்கெற்றுக்குள் தானாக நம்பர் மாறும் கறுப்புச் சாமான். வேறென்ன வேண்டும்?

பொலிஸில் டோக்கனை மணல் வாளிக்குள் புதைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றபடி சிங்களத்தில் கேட்டார்.

“இது எப்போது பூச்சியத்துக்கு வரும்?”

“வராது சேர். மாறிக்கொண்டே இருக்கும்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“மூன்று வருஷம்.”

உண்மை பேசி இவ்வளவு கெட்டவன் யாரும் இருக்க முடியாது.

ஆனால் மனிதர் நியாயம் தெரிந்தவர். நாலு மணிக்குள் கொம்பனிப் பெரியவர் ஒருவர் ‘இவன் எங்கள் ஆள்’ என்று சொன்னால் விடுவார். இல்லாவிட்டால் ஜீப்பில் தடுப்புமுகாம். ஜீப்பில் ஏறியவர்களின் படத்தோடு அலைந்த பெண்களைக் கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் கண்டிருக்கிறேன். நான் ஏறினால் என் மனைவி பேர்ணடெற்றும் அவர்களோடு நிற்பாள்.

அப்போது இன்ஸ்பெக்டர் கையிலிருந்த என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். டிரெக்டரின் குரல்.

“வின்சன்ற், எங்க நிக்கிறீர்? மூண்டு மணியாகுது!”

“பொலிஸில சேர்! நான் உங்கட ஆள் எண்டு இவரிட்ட ஒருக்காச் சொல்லுங்கோ.”

“ஓம் ஓம், சொல்லுறன். முதல்ல நம்பரைச் சொல்லும்.”

ஊருக்குத்தானே உபதேசம். கெஞ்சிக் கூத்தாடி மணலைக் கிளறி எடுத்து வாசித்தேன். மறுபக்கம் தட்டும் சத்தம் கேட்டது. “ஆ, உள்ள போயிட்டன்.” போன் நின்றது.

இரக்கப்பட்டு இன்ஸ்பெக்டரே திரும்ப எடுத்தார். இந்தமுறை டிரெக்டர் கிசுகிசுத்தார்.

“இப்ப கதைக்க ஏலாது, லண்டன்காரர் பாக்கினம். அஞ்சு மணிக்குப் பிறகு சொல்லுறன். படம் நல்ல கிளியரா வருது வின்சன்ற். குட் ஜொப்!”

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் விளங்காது. “என்ன சொன்னார்?” என்றார்.

“நான் நன்றாக வேலை செய்திருக்கிறேனாம், சேர்.”

“அதை அவர் என்னிடமல்லவா சொல்ல வேண்டும்? எத்தனை மணிக்குச் சொல்வார்?”

“ஐந்து மணிக்கு.”

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏற்றுபவர்களின் பெயர் எழுதும் புத்தகத்தை இழுத்து, என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.